மலைப்பள்ளியும் மானியப்பள்ளியும்

கஞ்சமலையை அடுத்து, விசைத்தறிகளின் ஓசை இரவென்றும் பகலென்றும் பேதம் பாராமல் ஒலித்துக்கொண்டிருக்கும் இளம்பிள்ளையிலிருந்து வடகிழக்கே பார்த்தால், மழை ஓய்ந்து வானம் வெளுத்திருக்கும் நாட்களில் சேர்வராயன் மலைத்தொடர் தெரியும். அந்த மலையின்மேல், ஏற்காட்டில், கத்தோலிக்கத் துறவியர் நடத்தும் கீர்த்தி வாய்ந்த பள்ளிகள் இருக்கின்றன. மலைக்குக் கீழே, சேலம் நாமக்கல் சமவெளியின் நகரங்களிலும் சிற்றூர்களிலும், அதே திருச்சபையின் குருமாரும் கன்னியரும் நடத்தும் பள்ளிகள் இருக்கின்றன. இரண்டிலும் அதே சிலுவைதான், அதே ஜெபந்தான், முகப்பில் நிற்பதும் அதே மாதா சுரூபந்தான். இருந்தும் ஒன்றின் சுபாவம் மற்றொன்றுக்கு இல்லை. இந்த வித்தியாசத்துக்கு வேதாகமத்திலோ துறவியரின் சபை ஒழுங்குகளிலோ காரணம் தேடுவது வீண் வேலை. ஒரு பள்ளிக்கூடத்தின் செலவை எவர் ஏற்கிறாரோ அவரே அதன் குணத்தையும் நிர்ணயிக்கிறார் என்பது என் அபிப்பிராயம். அது மெய்யானால், ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அந்தச் செலவை ஏற்றுவரும் அரசாங்கத்துக்கு ஒரு கடமை பாக்கி இருக்கிறது.

மலைப்பள்ளிகளின் கதை சுருக்கமானது. 1820-களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் சேர்வராயன் மலையில் காப்பிச் செடியைக் கொண்டுவந்து வைத்தார். காப்பியின் பின்னால் தோட்ட முதலாளிகள் வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் அவர்களுடைய பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய கவலை வந்தது. குளிர்ந்த காற்றும் ஆங்கில பாஷையும் உயர்ந்த மதிலும் உள்ள விடுதிப் பள்ளிகள் வேண்டியிருந்தன. குளூனி நகர சூசையப்பர் சபைக் கன்னியர் 1894-ல் திரு இருதயப் பள்ளியைத் தொடங்கினார்கள். புனித கபிரியேல் மாண்ட்போர்ட் சகோதரர்கள் 1917-ல் மாண்ட்போர்ட் பள்ளியைத் தொடங்கினார்கள். ஐரோப்பியரும் ஆங்கிலோ-இந்தியரும் போன பிறகு அந்த இடத்துக்கு நம்மவர்களில் வசதி படைத்தவர்கள் வந்தார்கள். சசி தரூரும் நடிகர் விக்ரமும் அன்புமணி ராமதாஸும் மாண்ட்போர்ட்டில் படித்தவர்கள். ஒழுங்கிலும் விளையாட்டிலும் ஆங்கிலப் பயிற்சியிலும் அந்தப் பள்ளிகளைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால், சமவெளியில் தறி ஓட்டுபவரின் மகன் அந்த மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே போவது சுற்றுலாவுக்குத்தான், படிப்பதற்கல்ல. கட்டணம் அவ்வாறு தீர்மானித்துவிட்டது. துறவியரின் நல்லெண்ணத்துக்கு அதில் பங்கு சொற்பம்.

சமவெளியின் சரித்திரம் இதைவிடப் பழமையானது. இவ்வளவு நேராகவும் ஓடவில்லை. தத்துவ போதகர் என்று தமிழுலகம் அறிந்த இராபர்ட் தெ நொபிலி, 1623-ல் மதுரையை விட்டுச் சந்நியாசிக் கோலத்தில் வடக்கே புறப்பட்டுச் சேந்தமங்கலத்துக்கும் பிறகு சேலத்துக்கும் வந்து சேர்ந்த நாளிலிருந்து இந்தப் பிரதேசத்தில் கத்தோலிக்க சமயத்துக்கு ஒரு தொடர்ச்சி உண்டு. ஆனால், பள்ளிக்கூடம் அந்தத் தொடர்ச்சியின் ஆரம்பத்தில் இல்லை. 1773-ல் இயேசு சபை கலைக்கப்பட்டு, அதன் பின் பாரிஸ் வேதபோதக சபையின் குருமார்கள் இந்த மிஷனைப் பொறுப்பேற்ற பிறகும், நெடுங்காலம் அவர்களுடைய சிரத்தையெல்லாம் கோயிலிலும் உபதேசியாரிலுமே இருந்தது. 1844-ல் புதுச்சேரியில் ஆயர் பொனாண்ட் கூட்டிய சங்கத்தில்தான், சுதேசிக் குருக்களைப் பயிற்றுவிப்பதோடு பொதுஜனங்களுக்குப் பள்ளிகள் நடத்துவதும் திருச்சபையின் முதன்மைக் காரியங்களில் ஒன்று என்ற எண்ணம் உறுதி பெற்றது. அதே ஆண்டில் துய்புயி என்ற குருவானவர், பெண் எழுத்தறிவது குடும்ப கௌரவத்துக்கு இழுக்கு என்று ஜனங்கள் எண்ணிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், பெண்குழந்தைகளுக்குக் கல்வி கற்பிப்பதற்கென்றே தமிழ்ப் பெண்களைக் கொண்ட ஒரு கன்னியர் சபையை நிறுவினார். தமிழ்–பிரெஞ்சு அகராதி தொகுத்தவர்களில் ஒருவரும் அவரே என்பது தெரிந்தால், அவருடைய பள்ளிகள் எந்தப் பாஷையில் பாடம் நடத்தியிருக்கும் என்று எவரும் ஊகித்துக்கொள்ளலாம். அந்தச் சபையின் கன்னியர்கள் இன்றும் தமிழ்நாட்டில் அநேகம் பெண்கள் பள்ளிகளை நடத்திவருகிறார்கள்.

பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு விடை பத்து வருஷம் கழித்து வந்தது. 1854-ஆம் வருஷத்துக் கல்வி மடல், மத விஷயத்தில் அரசாங்கம் தலையிடாது, ஆனால் நல்ல லௌகிகக் கல்வி தந்து, அரசாங்கத்தின் பரிசோதனைக்கும் இணங்கும் எந்தத் தனியார் பள்ளிக்கும் மானியம் தரும் என்று அறிவித்தது. மாணவரிடம் சிறிதேனும் கட்டணம் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அது விதித்திருந்தது. சமவெளிப் பள்ளி பிறந்தது இந்த ஏற்பாட்டின்மேல்தான். 1930-ல் சேலம் தனி மறைமாவட்டமாகி, பிரெஞ்சுக்காரரான புருனியே அதன் முதல் ஆயராக அமர்ந்தபோது, ஒரு பங்குக்குக் கோயில் எவ்வளவு அவசியமோ பள்ளியும் அவ்வளவு அவசியம் என்பது விவாதத்துக்கு அப்பாற்பட்ட விஷயமாக ஆகிவிட்டிருந்தது. காமராஜர் காலத்தில் இலவசக் கல்வி படிப்படியாக விரிந்தபோது கட்டண நிபந்தனையின் மிச்சமும் கரைந்தது. 1978-ல் மேல்நிலைக் கல்வி வந்ததும், உயர்நிலைப் பள்ளிகளாக இருந்தவற்றில் பல மேல்நிலைப் பள்ளிகளாயின.

இந்த ஏற்பாடு நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்பதை, பிள்ளையை அங்கே சேர்த்திருக்கும் பெற்றோரிலேயே பலர் அறியமாட்டார்கள். கட்டிடமும் நிலமும் நிர்வாகமும் திருச்சபையைச் சேர்ந்தவை. அங்கீகரிக்கப்பட்ட பணியிடங்களில் இருக்கும் ஆசிரியர்களுக்குச் சம்பளம் தருவது அரசாங்கம். வருஷந்தோறும் ஆகஸ்ட் 1-ஆம் தேதி எத்தனை மாணவர் இருக்கிறார்களோ அதைக் கொண்டு எத்தனை ஆசிரியர் தேவை என்று கல்வித்துறை கணக்கிடுகிறது. மாணவர் குறைந்தால் பணியிடம் உபரி என்று எழுதப்பட்டுப் பள்ளியை விட்டுப் போகிறது. அதனால்தான் ஜூன், ஜூலை மாதங்களில் மானியப் பள்ளி ஆசிரியர்கள் தெருத்தெருவாகத் தறிக்கூடங்களின் வாசலில் நின்று, பிள்ளையை எங்கள் பள்ளியில் சேருங்கள் என்று கேட்கிறார்கள். 1991-92-ஆம் கல்வியாண்டு முதல் தொடங்கப்பட்ட தனியார் பள்ளிகளுக்கு மானியம் இல்லை என்று சட்டத்திலேயே எழுதிவிட்டபடியால், இப்பொழுது இருக்கும் மானியப் பள்ளிகள் குறையலாமே தவிர இனிக் கூடப்போவதில்லை. இந்த உறவை எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது சுலபம்: பாவும் ஊடையும் கூலியும் முதலாளி தருகிறார், தறியும் இடமும் நெசவாளியுடையவை, அப்படி நெய்து இறங்கிய சேலையை இது என்னுடையதல்ல என்று சொல்லும் முதலாளியை எவரும் கண்டதில்லை.

இனி, அந்தப் பள்ளியின் குணத்தைச் சற்று அருகில் நின்று பார்க்கலாம். எந்த மானியப் பள்ளியிலும் தலைமையாசிரியர் அறையின் இரும்பு அலமாரியில் சேர்க்கைப் பதிவேடுகள் அடுக்கியிருக்கும். பழையவற்றின் தாள் பழுப்பேறி ஓரம் உதிரும். மாணவன் பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர், அதற்கடுத்து பெற்றோர் தொழில் என்று ஒரு கட்டம் இருக்கும். நெசவு, கூலி, விவசாயக் கூலி, நெசவு, சலவை, லாரி டிரைவர், நெசவு என்று அந்தக் கட்டம் பக்கத்துக்குப் பக்கம் கீழிறங்கிக்கொண்டே போகும். பள்ளியின் வெள்ளிவிழா மலர்கள், பிரமுகர்களின் வாழ்த்துரைகளும் புகைப்படங்களுமாக, அந்தப் பள்ளியின் சரித்திரத்தில் பாதியைத்தான் சொல்கின்றன. மிச்சப் பாதி இந்தக் கட்டத்தில் இருக்கிறது. மதத்துக்கான கட்டத்தைப் பார்த்தாலும் ஆச்சரியம் குறையாது: கிறிஸ்தவப் பள்ளி என்று பெயர் பெற்ற இடத்தில் பெரும்பகுதி மாணவர் இந்துக்கள், இந்தச் சமவெளியில் கத்தோலிக்கர் தொகை குறைவு என்பதால் அது வேறுவிதமாக இருக்கவும் முடியாது.

காலை மணி அடித்து வரிசை நின்றதும் ஒரு ஜெபம் உண்டு. அதற்கு அடுத்ததாகவே திருக்குறளும் உண்டு. வாரத்தில் ஒரு பாடவேளையில் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போக, மற்றவர்கள் நன்னெறி வகுப்பில் அமர்கிறார்கள். கார்த்திகை மாதம் ஐயப்பனுக்கு மாலை போட்ட பையன் கறுப்பு வேட்டியோடு வருவதைப் பார்த்துவிட்டுப் பாதர் சும்மா போய்விடுவார். அதே பையன் சட்டையை வெளியே விட்டுக்கொண்டு வந்தால் சும்மா போகமாட்டார். நான் பார்த்த ஒரு பள்ளியில் டிசம்பர் மாதத்துக் கிறிஸ்துமஸ் குடிலுக்குத் தறியிலிருந்து கழிந்த ஜரிகை நூலைப் பையன்கள் வீட்டிலிருந்து பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பெத்லகேம் கூரையெங்கும் சேலைக் கரையின் மினுமினுப்பு. மூன்று ராஜாக்களில் ஒருவருக்குத் தோளில் போட்டிருந்த பட்டுத் துண்டு எந்தச் சேலையின் முந்தானை என்று அந்தப் பிள்ளைகள் டிசைன் பெயரோடு சொன்னார்கள்.

இன்னொரு விசேஷம், நிர்வாகிகள் எவரும் அங்கே நிலையாக இருப்பதில்லை. மே, ஜூன் மாதங்களில் ஆயர் இல்லத்திலிருந்தோ கன்னியர் மடத்துத் தலைமையகத்திலிருந்தோ மாறுதல் உத்தரவு வந்தால், பாதரும் சிஸ்டரும் ஒரு பெட்டியோடு கிளம்பிவிடுகிறார்கள். நிலையாக இருப்பவர்கள் சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள். அப்பனுக்கும் மகனுக்கும் அதே அறையில் கணக்குச் சொல்லிக்கொடுத்த உபாத்தியாயர், தார் சுற்றிவிட்டுத் தாமதமாக வரும் பையனின் விரல் நுனியைப் பார்த்தே காரணத்தைத் தெரிந்துகொண்டு கேள்வி கேட்காமல் உள்ளே விடுகிறவர், மானியப் பள்ளியின் ஞாபகசக்தி என்று ஒன்று இருந்தால் அவர்தான் அது. துறவியரின் தியாகத்தைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இந்த உபாத்தியாயர்களைப் பற்றி அதில் பத்திலொரு பங்குகூடப் பேசியதில்லை.

குறைகளை மூடி மறைப்பது என் நோக்கமல்ல. பிரம்பையும் மண்டியிடுதலையும் ஒழுக்கத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொண்ட காலம் இந்தப் பள்ளிகளுக்கு நெடிதாகவே இருந்தது. அரசாங்கச் சம்பளம் உள்ள பணியிடத்துக்கு ஆளைத் தேர்வது நிர்வாகத்தின் உரிமையாக இருப்பதால், சிபாரிசும் ஜாதியும் பணமும் அங்கே நுழைகின்றன என்ற புகார் பல ஊர்களில் உண்டு. அதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். கத்தோலிக்கரிலேயே தலித் குடும்பங்களுக்குத் தங்கள் சபையின் பள்ளிகளில் வேலைக்கும் நிர்வாகத்துக்கும் உரிய பங்கு கிடைக்கவில்லை என்ற மனக்கசப்பு இன்றும் தீரவில்லை. அரசியல் சாசனத்தின் முப்பதாவது ஷரத்து சிறுபான்மையோருக்குத் தரும் உரிமை நிர்வாகம் செய்யும் உரிமையே அல்லாமல் கணக்குக் காட்டாதிருக்கும் உரிமை அன்று.

இந்தக் குறைகளைவிடப் பெரிய ஆபத்து வேறொரு திசையிலிருந்து வந்தது. சென்ற இருபது முப்பது வருஷங்களில் நாமக்கல், ராசிபுரம் பக்கத்தில் எழும்பிய விடுதிப் பள்ளிகள், பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே மனனம் செய்வித்து, மாநில முதலிடங்களை வாரிக்கொண்டு போயின. கோழிப்பண்ணைக்குப் பெயர்போன பிரதேசம் ஆகையால் ஜனங்கள் அவற்றுக்கு பிராய்லர் பள்ளிகள் என்று பெயர் வைத்தார்கள். வைத்துவிட்டு, கடன் வாங்கியாவது பிள்ளையை அங்கேயே சேர்த்தார்கள். 2017-ல் அரசாங்கம் முதலிடப் பட்டியல் வெளியிடுவதை நிறுத்தி, பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்தது. அதே வருஷம் நீட் தேர்வும் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டபடியால், மனனச் சாலைகள் பயிற்சிச் சாலைகளாக உருமாறிக்கொண்டன. திருச்சபையும் இந்தச் சந்தையைக் கண்டு மயங்காமல் இருக்கவில்லை. மானியம் பெறும் தமிழ்வழிப் பள்ளியின் அதே மைதானத்தில், கட்டணம் வாங்கும் ஆங்கிலவழிப் பிரிவோ தனிப் பள்ளியோ எழும்புவதைப் பல ஊர்களில் காணலாம். புதுக் கட்டிடத்துக்குக் கண்ணாடி ஜன்னலும் கணினி அறையும் வருகின்றன. பழைய கட்டிடத்தின் ஓடுகள் சரிந்தபடியே இருக்கின்றன. கட்டணம் கொண்டுவரும் குணம் அது. மலைமேல் நூறு வருஷத்துக்கு முன் நடந்தது சமவெளியில் இப்பொழுது நடக்கிறது, அவ்வளவுதான்.

இந்த நிலையில், பழைய கட்டிடத்திலேயே படிக்கும் நெசவாளியின் மகளை அரசாங்கம் எப்படி நடத்துகிறது? பாடநூல், பஸ் பாஸ், சைக்கிள் எல்லாம் தருகிறது. மதிய உணவும் உண்டு. காலை உணவுத் திட்டத்தைக் கிராமப்புற மானியத் தொடக்கப் பள்ளிகளுக்கு விஸ்தரித்தபோது, 2024 ஜூலை 15-ஆம் தேதி, காமராஜர் பிறந்தநாளன்று, முதலமைச்சர் அதைத் தொடங்கி வைத்த இடமே திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் உள்ள கத்தோலிக்க மானியப் பள்ளிதான். அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம், மானியப் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் 2024-ல் விஸ்தரிக்கப்பட்டது. பையன்களுக்கான தமிழ்ப்புதல்வன் அந்த வருஷம் ஆகஸ்டில் தொடங்கும்போதே அவர்களையும் சேர்த்துக்கொண்டது. ஆக, பசி என்று வரும்போதும், கல்லூரிச் செலவு என்று வரும்போதும், இந்தப் பிள்ளையும் அரசுப் பள்ளிப் பிள்ளையும் ஒன்றுதான் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டுவிட்டது.

மருத்துவக் கல்லூரியின் வாசலில் மட்டும் கணக்கு மாறுகிறது. 2020-ஆம் வருஷத்துச் சட்டம், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேர்வில் தேறியவர்களுக்கு 7.5 சதவீத இடங்களை ஒதுக்கியது. மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகளும், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும், வனத்துறைப் பள்ளிகளும் அந்த வரையறைக்குள் வந்தன. மானியப் பள்ளிகள் வரவில்லை. அடுத்த வருஷம் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய படிப்புகளுக்கும் அதே ஒதுக்கீடு விரிந்தபோதும் அவை வெளியிலேயே நின்றன. சட்டத்தின் நோக்கத்தை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். லட்சக்கணக்கில் செலவழித்துப் பயிற்சி பெறுவோரோடு வசதியற்ற பிள்ளையை ஒரே வரிசையில் நிறுத்துவது அநியாயம் என்ற அதன் நியாயம் மறுக்க முடியாதது. அந்த நியாயம் மானியப் பள்ளியின் மதில்சுவரைக் கண்டதும் ஏன் நின்றுவிடுகிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. ஒரே தெருவில், ஒரே தறிக்கூடத்தில் வேலை செய்யும் அண்ணன் தம்பி இருவரில், அண்ணன் தன் மகளை அரசு மேல்நிலைப் பள்ளிக்கும், தம்பி தன் மகளைப் பக்கத்திலிருக்கும் சிஸ்டர்கள் பள்ளிக்கும் அனுப்பினால், இரண்டு பள்ளியிலும் ஆசிரியருக்குச் சம்பளம் கருவூலத்திலிருந்தே வரும்போது, பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் ஒருத்திக்குத் திறக்கும் கதவு மற்றவளுக்குத் திறப்பதில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது அலட்சியப்படுத்தத்தக்கதல்ல. மானியப் பள்ளிகளெல்லாம் ஏழைகளின் பள்ளிகள் அல்ல. சென்னையிலும் திருச்சியிலும் வசதியுள்ள குடும்பங்கள் சிபாரிசோடு காத்திருந்து இடம் பிடிக்கும் மானியப் பள்ளிகளும் இருக்கின்றன. கதவைத் திறந்தால் அவர்களே முதலில் நுழைவார்கள் என்பது அந்த மறுப்பு. உண்மைதான். இதற்குப் பரிகாரமும் அரசாங்கத்தின் கையிலேயே இருக்கிறது. புதுமைப்பெண் திட்டத்துக்கு வகுத்த வரையறையையே இங்கும் வைக்கலாம்: மானியம் பெறும் பிரிவில், தமிழ்வழியில், ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்கள். கட்டணப் பிரிவில் ஒரு வருஷம் இருந்தாலும் தகுதி இல்லை என்று எழுதிவிட்டால், பெருநகரத்து வசதிக்காரர்களில் பெரும்பாலோர் தாமாகவே விலகிவிடுவார்கள். அரசுப் பள்ளி மாணவரின் பங்கு குறையுமே என்று அஞ்சினால், அவர்களுக்கு 10 சதவீதம் தரலாம் என்று சட்டத்துக்கு முன் அமைந்த நீதிபதி கலையரசன் குழுவே சிபாரிசு செய்திருந்ததை நினைவில் கொள்ளலாம்; ஒதுக்கீட்டை அந்த அளவுக்கு உயர்த்தி, உயர்ந்த பகுதியில் மட்டும் இவர்களுக்கு இடம் தரலாம். சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் இந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தபோது, ஐந்து வருஷத்துக்குள் இதை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. வரையறையைத் திருத்த அதைவிடப் பொருத்தமான சந்தர்ப்பம் கிடைக்காது.

திருச்சபை இந்தக் கோரிக்கையை எழுப்ப வேண்டுமானால், முதலில் தன் வீட்டைச் சரிசெய்துகொள்ள வேண்டும். கட்டணப் பிரிவின் வருமானத்தில் ஒரு நிச்சயமான பங்கை அதே வளாகத்துத் தமிழ்வழிப் பிரிவுக்குச் செலவிட வேண்டும்; அந்தக் கணக்கை ஒவ்வொரு வருஷமும் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். ஆசிரியர் நியமனத்துக்கு விளம்பரமும் மதிப்பெண் பட்டியலும் பகிரங்கமாக இருக்க வேண்டும். மாணவர் தொகை குறைந்துவிட்டது என்ற காரணத்தைக் காட்டித் தமிழ்வழி வகுப்பு ஒன்றை மூட நேர்ந்தால், அந்த முடிவை ஆயர் இல்லத்திலிருந்து தபாலில் அனுப்பாமல், பொறுப்பாளர் ஒருவர் நேரில் வந்து, அந்த வகுப்பில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் பெற்றோர் முன் நின்று சொல்ல வேண்டும்.